நாடிழந்த அரசி

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புரட்சிகளின் வரலாற்றைப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் இரு சாராரையே பேசுகின்றோம். வென்ற மக்கள் ஒரு சாரார். வீழ்ந்த மன்னன் மற்றொரு சாரார். அம்மன்னனுடன் அரியணையில் அமர்ந்திருந்து, அவன் தலை வீழ்ந்தபின்னும் இருபது ஆண்டுகள் உயிர் வாழ்ந்த மனைவியைப் பற்றிப் பேசுவார் அரியர். அத்தகைய ஒருத்தியின் வாழ்வையே இன்று உங்கள்முன் வைக்க வந்துள்ளேன். அவள் பெயர் என்றியேட்டா மரியா. இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லசின் மனைவி.

அரசி என்பதற்காக அவளைப் போற்ற நான் வரவில்லை. முடியாட்சி வீழ்ந்தது என்பதற்காக அவள் கண்ணீரைக் கண்டு கைகொட்டவும் வரவில்லை. மக்களுக்கும் அரண்மனைக்கும் இடையே மெய்ச்செய்தி செல்லும் வழி அடைபட்டுப் போனால் என்ன நேரும் என்பதற்கு அவள் வாழ்வு ஒரு சான்று. அவ்வுண்மையை, எல்லாம் இழந்தபின், அவளே தன் வாயால் சொன்னாள். அதனாலேயே அவள் கதை நாம் கேட்கத் தகுந்ததாகின்றது.

மணமகளாய் வந்தவள்

1609ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாரிசு நகரத்து உலூவர் அரண்மனையில் அவள் பிறந்தாள். தந்தை பிரான்சு மன்னன் நான்காம் என்றி. தாய் இத்தாலியின் மெடிச்சிக் குடியில் வந்த மரியா. குழந்தைக்கு ஆறு திங்கள் நிறையுமுன், 1610 மே 14ஆம் நாள், பாரிசுத் தெருவொன்றில் தந்தை குத்திக் கொல்லப்பட்டான். அரியணையின் அடியில் குருதி இருப்பதை அறியும் அகவை வருமுன்னரே அவள் தந்தையற்றவள் ஆனாள்.

1625இல், பதினைந்து அகவையில், அவளுக்கு மணம் நிகழ்ந்தது. மணமகன் கடலுக்கு அப்பால் இருந்தான். அவனுக்குப் பகராக வேறொருவர் நிற்கப் பாரிசில் சடங்கு முடிந்தது. சூன் திங்களில் தோவர் துறையில் இறங்கியபொழுது அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் கத்தோலிக்கச் சமயத்தவள். அந்நாட்டு மக்களோ பெரும்பாலும் சீர்திருத்தச் சமயத்தவர். மறு ஆண்டு பிப்பிரவரியில் மன்னனுக்கு முடிசூட்டு விழா நடந்தது. மாற்றுச் சமயக் குருவின் கையால் முடியேற்க அவள் மறுத்துவிட்டாள். ஆகவே இங்கிலாந்தின் அரசியாய் வாழ்ந்தும், இங்கிலாந்தின் மணிமுடியை அவள் தலை ஒருநாளும் தாங்கியதில்லை.

அவ்வாண்டிலேயே அவளுடன் வந்த பிரெஞ்சுப் பணியாளரை மன்னன் நாட்டைவிட்டு வெளியேற்றினான். தோழியரைப் பிரிந்த சினத்தில் அவள் பலகணிக் கண்ணாடிகளைக் கையால் உடைத்தாள் என்று அக்கால மடல்கள் கூறுகின்றன. மன்னனைத் தன் பிடியில் வைத்திருந்த பக்கிங்காம் கோமான் 1628இல் கொலையுண்டபின் கணவனும் மனைவியும் நெருங்கினர். அதன்பின் அவர்களிடையே நிலவிய அன்பு மெய்யான அன்பு என்பதில் ஐயமில்லை. 1632இல் அமெரிக்காவில் குடியேற்றத்திற்கு உரிமை வழங்கப்பட்ட நிலப்பகுதிக்கு மன்னன் அவள் பெயரையே சூட்டினான். இன்று மேரிலாந்து என வழங்கும் மாநிலம் அதுவே.

அடைபட்ட வழி

பெருமக்களே, இனித்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அன்பான கணவன், அன்பான மனைவி, அடுத்தடுத்துப் பிறந்த மக்கள். அரண்மனைக்குள் எல்லாம் இனிமை. வெளியே நாட்டின் நிலை என்ன?

1629 முதல் 1640 வரை, பதினோர் ஆண்டுகள், சார்லசு நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. மக்களின் இசைவின்றியே வரி தண்டினான். கடற்கரை ஊர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த கப்பல்வரியை உள்நாட்டு ஊர்கள்மீதும் சுமத்தினான். அரண்மனையில் அரசியும் தோழியரும் நாடகம் நடித்தனர். அக்காலத்தில் வில்லியம் பிரின் என்னும் வழக்கறிஞர் நாடகத்தையும் நடிக்கும் பெண்டிரையும் பழித்து 1633இல் ஒரு நூல் வெளியிட்டார். அது அரசியைச் சுட்டியது என்று கொண்டு, 1634இல் அவர் காதுகளை அறுத்தனர். பெருந்தொகை தண்டமும் விதித்துச் சிறையிலிட்டனர்.

பிரினின் கருத்து நமக்கு உடன்பாடாக வேண்டுவதில்லை. நாடகத்தைப் பழித்தது அவர் பிழையென்றே வைத்துக்கொள்வோம். ஆயினும், எழுதியவன் காதை அறுக்கும் அரசுக்குப் பிறகு எவன் மெய்யை எழுதுவான்? காது அறுபட்டவர் பிரின், செவிடானது அரண்மனை. கசப்பான சொல்லைப் பொறுத்துக் கேட்கும் பண்பு வேந்தனுக்கு வேண்டும் என்றும், இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்றும் நம் வள்ளுவப் பெருந்தகை வகுத்தவை எந்த நாட்டு அரியணைக்கும் பொருந்துவனவே.

அரசியின் பங்கும் இதில் சிறிதன்று. நாடாளுமன்றத்திற்கு விட்டுக்கொடுக்க வேண்டா என்று கணவனுக்கு அவள் மீண்டும் மீண்டும் ஊக்கமூட்டினாள். நெருக்கடி முற்றியபொழுது உரோமைத் தலைமைக் குருவிடமிருந்து பணவுதவி பெறவும் முயன்றாள். அவளுக்கு அது கணவனைக் காக்கும் முயற்சி. மக்களுக்கோ அது அயலாரைத் தம்மீது ஏவும் செயல். இரண்டு பார்வைகளுக்கும் இடையே பாலமிட ஒருவரும் இல்லை.

நகைகளும் படைக்கருவிகளும்

1642 சனவரி 4ஆம் நாள், நாடாளுமன்ற உறுப்பினர் ஐவரைச் சிறைபிடிக்க மன்னன் படைவீரருடன் அவைக்குள் நுழைந்தான். ஐவரும் முன்னரே நீங்கிவிட்டிருந்தனர். இலண்டன் மக்கள் கொதித்தெழுந்தனர். மன்னன் குடும்பத்துடன் தலைநகரை விட்டு வெளியேறினான். பிப்பிரவரி 23ஆம் நாள் அரசி தோவர் துறையில் கப்பலேறினாள். பத்து அகவை மகள் மேரியை ஆலந்தில் இருந்த கணவன் வீட்டில் சேர்ப்பதற்கென்பது வெளியே சொன்ன கரணியம். பேழையில் இருந்தவை மணிமுடிக்குரிய நகைகள். அவற்றை அடகுவைத்துப் படைக்கருவி வாங்குவதே உள்நோக்கம். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை மன்னன் கரையோரமாகக் குதிரையில் சென்றான் என்பர்.

ஏகு நகரத்தில் ஆலந்து வணிகர் அந்நகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். இவை மன்னனின் உடைமையா, நாட்டின் உடைமையா என்று வினவினர். வணிகர் பணத்தைக் காக்கக் கேட்ட கேள்விதான் அது. ஆனால் இங்கிலாந்து மக்கள் வாளேந்திக் கேட்டதும் அதே கேள்வியன்றோ! மணிமுடி யாருடையது?

எப்படியோ பணம் திரட்டினாள். 1643 தொடக்கத்தில் கருவிகளுடன் திரும்புகையில் புயலில் சிக்கி ஒன்பது நாள் அலைக்கழிந்து, புறப்பட்ட கரைக்கே ஒதுங்கினாள். மீண்டும் புறப்பட்டுப் பிப்பிரவரி 22ஆம் நாள் பிரிட்லிங்டன் என்னும் ஊரில் இறங்கினாள். நாடாளுமன்றத்தின் கப்பல்கள் அவள் தங்கிய வீட்டின்மீது குண்டு பொழிந்தன. படுக்கையை விட்டு எழுந்தோடியவள், தன் நாய்க்குட்டி உள்ளே இருப்பதை நினைந்து குண்டுகளுக்கு நடுவே திரும்பிச் சென்று எடுத்துவந்தாள். பிறகு ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் பதுங்கிக் கிடந்தாள். அவள் நெஞ்சுரத்தை எதிரிகளும் மறுக்கவில்லை. அந்த நெஞ்சுரம் கொண்டுவந்த துப்பாக்கிகள் உழவர் மக்களின் மார்பைத் துளைத்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு மே திங்களில் பொதுமக்கள் அவை அவள்மீது நாட்டுப்பகைக் குற்றம் சாற்றியது.

போர் மன்னனுக்கு மாறாகத் திரும்பியது. 1644 ஏப்பிரலில், நிறைசூலியாய், நோயுற்ற உடலோடு, அவள் ஆக்சுபோர்டை விட்டு நீங்கினாள். ஆபிங்டன் வரை மன்னன் உடன் வந்தான். அங்கே பிரிந்தவர்கள் மீண்டும் சந்திக்கவே இல்லை. சூன் 16ஆம் நாள் எக்சீட்டர் நகரில் பெண்மகவு பிறந்தது. எதிரிப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. நலம் பெறுவதற்காகப் பாதுகாப்பாகச் செல்ல வழிவிடுமாறு எதிர்த்தரப்புப் படைத்தலைவரிடம் வேண்டினாள், கிடைக்கவில்லை. பிறந்து இரு கிழமையான குழந்தையைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, மாற்றுருவில் வெளியேறி, சூலை 14ஆம் நாள் பால்மவுத்துத் துறையில் கப்பலேறினாள். கடலிலும் எதிரிக் கப்பல்கள் துரத்திச் சுட்டன. தப்ப வழியில்லையெனில் வெடிமருந்துக்குத் தீயிடுக என்று மாலுமிக்குக் கட்டளையிட்டிருந்ததை அவள் பின்னாளில் கூற, மோத்வில் அம்மையார் தம் நினைவுக்குறிப்பில் பதிந்துள்ளார்.

தீ மூட்டப்படாத அறை

பிரான்சு மண்ணில் அவளுக்கு வரவேற்புக் கிடைத்தது. பிறந்த அரண்மனையிலேயே சில அறைகளும் திங்கள்தோறும் உதவித்தொகையும் தந்தனர். வந்த தொகையில் பெரும்பகுதியைக் கணவனின் போருக்கே அனுப்பினாள். எஞ்சிய நகைகளும் ஒவ்வொன்றாக விலைக்குச் சென்றன.

1645 சூன் திங்களில் நேசுபி என்னுமிடத்தில் மன்னன் படை முறிந்தது. அவன் மடற்பேழை பகைவர் கையில் சிக்கியது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய கமுக்க மடல்களை நாடாளுமன்றத்தினர் அவ்வாண்டே நூலாக அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். ஒரு குடும்பத்தின் கமுக்கத்தை ஊர்நடுவே விரித்தது இரக்கமற்ற செயல்தான். ஆனால் மக்கள் அம்மடல்களில் கண்டதென்ன? தங்களோடு உடன்பாடு பேசிய மன்னன், மறுபுறம் அயல்நாட்டுப் படையைத் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டனர். அவ்வளவு காலமும் அரண்மனைக்கு மக்களின் மெய் எட்டவில்லை. மக்களுக்கு அரண்மனையின் மெய் எட்டியதும், எஞ்சியிருந்த நம்பிக்கையும் அற்றுப்போயிற்று.

எக்சீட்டரில் விட்டுவந்த குழந்தையை 1646இல் அத்தோழி மீட்டுவந்தாள். கந்தலுடுத்து, ஏழைப் பெண்ணாய்க் கூன்விழுந்தவள்போல் நடித்து, இளவரசிக்குச் சிறுவன் உடை அணிவித்து, கால்நடையாகவே துறைமுகம் சேர்ந்தாள். இரண்டு அகவைக் குழந்தையோ, தான் இளவரசியென்றும் இது தன் உடையன்றென்றும் வழியில் கண்டவர்களிடம் மழலையில் சொல்லிக்கொண்டே வந்ததாம்! பெற்றவளிடம் வந்து சேர்ந்த அக்குழந்தையே அவளுக்கு இறுதிவரை ஆறுதலாயிருந்தது.

பிரான்சிலும் அமைதி நிலைக்கவில்லை. 1648இல் அங்கும் வரிச்சுமையால் கிளர்ச்சி மூண்டது. 'பிரோந்து' என்று அதற்குப் பெயர். கவண் என்பது அச்சொல்லின் பொருள். 1649 சனவரித் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசவை இரவோடிரவாகப் பாரிசை விட்டு ஓடியது. என்றியேட்டா மரியா நான்கு அகவைக் குழந்தையுடன் உலூவர் அரண்மனையிலேயே இருந்தாள். ஆறு திங்களாக உதவித்தொகை வரவில்லை. கடைக்காரர் கடன் தர மறுத்தனர். கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான இரெட்சு என்பார் அவளைக் காணச் சென்றார். குளிர்காயத் தீயில்லாமையால் குழந்தை படுக்கையிலேயே கிடக்க, தாய் அருகில் துணையாய் அமர்ந்திருந்தாள். நான்காம் என்றியின் பெயர்த்திக்கு, உலூவர் அரண்மனையிலேயே, ஒரு கட்டு விறகு இல்லை! நெஞ்சம் நைந்த அவர் பாரிசு முறைமன்றத்தில் எடுத்துரைத்து 40,000 இலீவர் வழங்கச் செய்தார். மன்னராட்சியை எதிர்த்தெழுந்தவர்களே அரசிக்கு விறகளித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆட்சியோடு போர், துன்புற்றவளிடம் பரிவு: இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடியவை.

அவள் சொன்ன மெய்

அந்தக் குளிர்காலத்திலேயே, 1649 சனவரி 30ஆம் நாள், இலண்டனில் மன்னன் சார்லசின் தலை துணிக்கப்பட்டது. அதற்கு முதல்நாள் அவன் பதின்மூன்று அகவை மகள் எலிசபெத்தையும் எட்டு அகவை மகன் என்றியையும் கண்டு விடைபெற்றான். தன் நினைவு ஒருபொழுதும் உன் தாயைவிட்டு அகன்றதில்லை என அவளிடம் சொல் என்று மகளிடம் கூறினான். அச்சிறுமி அதனைத் தன் கையாலேயே எழுதிவைத்தாள். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை. 1650 செப்டம்பரில், பதினான்கு அகவையில், கேரிசுபுரூக்குக் கோட்டைக் காவலிலேயே அவள் இறந்தாள்.

செய்தி பாரிசுக்கு எட்டியபொழுது அரசி அழவில்லை, அசையவுமில்லை. கற்சிலைபோல் நெடுநேரம் நின்றாள் என்று உடனிருந்த துறவி எழுதுகின்றார். பிரெஞ்சு அரசவைப் பெண்டிருள் ஒருத்தி வந்து தழுவி அழுதபின்னரே அவளுக்குக் கண்ணீர் வந்தது.

பெருமக்களே, அத்துயரத்தின் நடுவேதான் அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். பிரெஞ்சு மன்னன் சிறுவன். அவன் தாய் ஆன் ஆட்சி நடத்தினாள். மோத்வில் அம்மையார் வழியாக அவளுக்கு என்றியேட்டா மரியா ஓர் அறிவுரை விடுத்தாள். தன் கணவன் அழிந்தது மெய்யை ஒருநாளும் அறியாமையால்தான். மக்களை முற்றாக அடக்கும் வலிமை இல்லாதபொழுது அவர்களைச் சினமூட்ட வேண்டா. இதுவே அவ்வறிவுரையின் சாரம்.

முதற்பாதி பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. இரண்டாம் பாதியைக் கேளுங்கள். 'வலிமை இல்லாதபொழுது' என்கின்றாள். வலிமை இருந்தால் சினமூட்டலாமா? அடக்கலாமா? மெய்யின் வாயில்வரை வந்தவள் உள்ளே நுழையவில்லை. மக்களின் சினத்திற்கு அஞ்சக் கற்றாள். அவர்களின் உரிமையை மதிக்கக் கற்றாளில்லை. தீயற்ற அறையும் கணவனின் குருதியும்கூட அவளுக்குப் பாதிப் பாடத்தையே புகட்டின.

இது நான் வலிந்து கூறும் பழியன்று. அவள் இல்லத்திலேயே சான்றுள்ளது. இளைய மகன் என்றி இங்கிலாந்திலிருந்து விடுவிக்கப்பட்டுத் தாயிடம் வந்தான். அவனைக் கத்தோலிக்கனாக்க 1654இல் அவள் முயன்றாள். தன் சமயத்திலேயே நிலைக்குமாறு தந்தை இறுதிநாளில் தன்னிடம் வாங்கிய உறுதியைச் சொல்லி அவன் மறுத்தான். தாய் அவன் முகத்தில் விழிக்க மறுத்து வீட்டைவிட்டு விலக்கினாள். நாட்டை இழந்தவள், இணங்காத மகனை இழந்தாள். 1660 செப்டம்பரில் பெரியம்மை கண்டு அவன் இலண்டனில் இறந்தபொழுது தாயும் மகனும் இணங்கியிருக்கவில்லை.

திரும்பியும் திரும்பாதவள்

1660 மே திங்களில் மூத்த மகன் இரண்டாம் சார்லசு அரியணையேறினான். நவம்பரில் அவளும் இலண்டன் வந்தாள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற பெப்பீசு அவளைக் கண்டு, எளிய குடும்பத்து மூதாட்டிக்கும் இவளுக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை என்ற கருத்துப்பட எழுதினார். திசம்பரில் மகள் மேரியும் பெரியம்மைக்கு இரையானாள். மீண்டும் பிரான்சு, மீண்டும் இங்கிலாந்து என்று அலைந்து, 1665இல் உடல்நலங் கருதிப் பிரான்சுக்கே சென்றாள். 1651இல் தானே சையோ என்னுமிடத்தில் நிறுவிய கன்னிமாடமே அவளுக்கு வீடாயிற்று. 1669 செப்டம்பர் 10ஆம் நாள், பாரிசை அடுத்த சிற்றூர் ஒன்றில், உறக்கத்திற்காக மருத்துவர் தந்த அபின் கலந்த மருந்தை உண்டவள் விழிக்கவில்லை. அவளுடல் பிரெஞ்சு மன்னர்களின் கல்லறைக் கோவிலான தூய தெனியில் அடக்கமாயிற்று. நெஞ்சு மட்டும் சையோ மாடத்தில் வைக்கப்பட்டது.

கதை இத்துடன் முடியவில்லை. இரண்டாம் மகன் சேம்சு 1685இல் மன்னனானான். தந்தை தலையிழந்ததை அறிந்தவன், தாய் அகதியாய் வாழ்ந்ததைக் கண்டவன், மீண்டும் நாடாளுமன்றத்தை மதியாது ஆண்டான். 1688 திசம்பரில் அவன் மனைவி, கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, மாமியார் ஓடிய அதே பிரான்சுக்கு ஓடினாள். அவனும் பின்தொடர்ந்தான். அந்த மருமகளும் ஆறுதல் தேடிச் சென்றது அதே சையோ மாடத்திற்குத்தான். ஒரே குடும்பம், இரண்டு புரட்சிகள், இரண்டு அரசியர், ஒரே அழுகை!

இன்னுமொன்று. 1793 அக்டோபரில், பிரெஞ்சுப் புரட்சியாளர் தூய தெனிக் கல்லறைகளைத் திறந்து மன்னர்களின் எலும்புகளைப் பொதுக்குழியில் கொட்டினர். என்றியேட்டா மரியாவின் எலும்பும் அவற்றுள் ஒன்று. பிரான்சின் அரசி மரி அந்துவனெத்து தலையிழந்ததும் அதே திங்களில்தான். ஆன் என்னும் அரசிக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட எச்சரிக்கையைப் பிரெஞ்சு அரண்மனையும் மறந்திருந்தது.

பெருமக்களே, நாடிழத்தல் என்றால் என்ன? அவள் நாடிழந்தது 1644இல் கப்பலேறிய அன்றா? இல்லை. காதறுபட்டவனின் குரல் அரண்மனைக்குள் கேளாமற்போன நாளிலேயே அவளும் அவள் கணவனும் நாடிழந்துவிட்டனர். கப்பல் பின்னர் வந்தது. மக்களின் நெஞ்சில் இடமிழந்தவர்க்கு அவர்கள் மண்ணிலும் இடமில்லை.

இஃது அரியணைகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. ஆட்சிக்கும் கட்சிக்கும் கழகத்திற்கும், நம்மைப் போன்ற சிறு மன்றங்களுக்கும் இஃது உரியது. தலைமைக்கு இனிப்பதை மட்டும் சொல்வோர் சூழ்ந்துவிட்டால் அங்கே ஓர் அரண்மனை எழும்பிவிட்டது என்று பொருள். இடித்துரைப்பவனைப் பகைவன் என்று விலக்கிய நாள், அவ்வரண்மனையின் கதவு உட்புறம் தாழிடப்பட்ட நாள்.

அந்த அரசிக்காக நாம் இரங்குவோம். விறகற்ற அறையில் குழந்தையின் அருகே அமர்ந்திருந்த தாய்க்காக இரங்காதவன் மாந்தனல்லன். அந்த ஆட்சிக்காக இரங்க வேண்டுவதில்லை. அவள் பாதி மட்டும் கற்ற பாடத்தை நாம் முழுதும் கற்போம். மெய்யைச் சொல்லும் துணிவும், அதைவிட அரிதான, மெய்யைக் கேட்கும் துணிவும் நம்மிடையே வளர்க!